அம்மா வீடு 14 மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. வாடகைக்கு விடலாமா? சுங்கை சிப்புட், மலேசியா

முருங்கைவீடு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மா தவறி 14 மாதம் ஆகுது. சுங்கை சிப்புட் டவுனைத் தாண்டி ஒரு மலிவு விலைத் தாமான்ல (குடியிருப்புல) ரெண்டு ரூம் வீடு. தோட்டத்துல 31 வருஷம் பால்மரம் (ரப்பர்) வெட்டி, ஈபிஎப் (சேமநிதி) பணத்தை எடுத்து, 25,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினது. வங்கிக் கடன் ஒண்ணும் பாக்கி இல்லை. அப்பா முன்னாடியே போயிட்டார். நாங்க மூணு பிள்ளைகள். அண்ணன் ஜொகூர்ல, தங்கச்சி ஈப்போவுல, நான் ஷா ஆலாம்ல.

போன மாதம் போய்க் கதவைத் திறந்தேன். ஈரச்சாக்கு வாடை. அடுப்படிக் கதவு நிலையில கீழே இருந்து இடுப்பு உயரத்துக்குக் கரையான் மண்கோடு போட்டிருக்கு. விரலால அழுத்தினேன், மரம் பிஸ்கட் மாதிரி உள்ளே போயிடுச்சு. பின்பக்க ஜிங்கு (தகரக் கூரை) ஓரமா மழைத்தண்ணி இறங்கி, அம்மாவோட அரிசி டின் துருப்பிடிச்சுக் கிடக்கு. அவங்க பால் வெட்டுற கத்தி மட்டும் ஆணியில அப்படியே தொங்குது. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துட்டேன்.

வாடகைக்கு விட எனக்குப் பயம். ஆனா இப்படியே விட்டா வீடு போயிடும்னு தெரியுது. இதுவரைக்கும் மூணு பேர் கேட்டிருக்காங்க:

ஒரு குத்தகையாளர் (காண்ட்ராக்டர்) 14 வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தங்க வைக்க மாதம் 1,100 தர்றேன்னு சொல்றார்.

கல்யாணம் ஆகி ஒரு வருஷமான ஜோடி, 550 சொல்றாங்க.

இன்னொருத்தர் 1,500 தர்றேன், ஆறு மாத வாடகையை முன்னாடியே ரொக்கமா கொடுத்துடுறேன், "ஆனா யாரும் வந்து பார்க்கக் கூடாது, சாமான் வைக்கத்தான்" என்கிறார்.

அந்தப் பக்கத்துல இந்த மாதிரி வீடு 500, 550-க்குத்தான் போகுது. யாருக்குக் கொடுக்கலாம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


மாடிவீட்டு அக்கா எழுதியது:

தங்கச்சி, முதல்ல அம்மாவுக்கு என் அஞ்சலி.

நான் சுங்கைப் பட்டாணியில ரெண்டு வீடு வாடகைக்கு விட்டு 19 வருஷம் ஆச்சு. பூட்டி வச்சா பத்திரம்னு நானும் நினைச்சவதான். அந்த நினைப்புல ஒரு வீட்டை எட்டு மாதம் சும்மா வச்சிருந்தேன். வெளி விளக்கு வயரை அறுத்துட்டுப் போனாங்க, தண்ணி மீட்டரைக் கழட்டிட்டுப் போனாங்க. பின்கட்டுல ஒரு பழைய வாளியில மழைத்தண்ணி தேங்கி ஏடிஸ் புழு இருந்துச்சு, சுகாதார இலாகா 500 வெள்ளி கம்பவுண்ட் (அபராதம்) கொடுத்துட்டாங்க. சும்மா கிடக்கிற வீடு சும்மா கிடக்காது.

மூணாவது ஆளைப் பத்தி ஒரே வார்த்தை: வேண்டாம். ஊர் வாடகை 550-ஆ இருக்கும்போது ஒருத்தன் 1,500 தர்றான்னா, வீட்டுக்குக் கொடுக்கிற காசு இல்ல அது.


ஈப்போ வயர்மேன் எழுதியது:

அக்கா சொன்னது சரி. அந்த 1,500 ஆள் விஷயத்தை நான் கொஞ்சம் விவரமா சொல்றேன். இந்த மாதிரி மூணு வீட்டுல பிறகு போய் வயரிங் சரி செஞ்சிருக்கேன்.

பிட்காயின் மெஷின் வைக்கத்தான் கேட்பாங்க. மெஷின் வைக்கிறது குற்றம் இல்லை. கரண்டைத் திருடி ஓட்டுறதுதான் குற்றம், தோட்டப்புறத்துல வாடகை வீடு தேடி வர்றவங்க பெரும்பாலும் அதுக்குத்தான் வர்றாங்க. கணக்கு பாருங்க. பரவலா இருக்கிற ஒரு மெஷின் 3,250 வாட் இழுக்கும். ராத்திரி பகல் நிக்காம ஓடும். ஒரு நாளைக்கு 78 யூனிட், மாதம் 2,340 யூனிட். இது ஒரு மெஷினுக்கு. ஏர்கோன் போட்டு என் வீட்டுல மாதம் 350 யூனிட்தான் வருது. வர்றவன் ஒண்ணு வைக்க மாட்டான், பத்து இருபது வைப்பான். பத்து வச்சாலே 32 கிலோவாட். சிங்கிள் பேஸ் லைன்ல 100 ஆம்பியர் வந்தா 23 கிலோவாட்தான் தாங்கும், பழைய மலிவு விலை வீட்டுக்கு வர்ற லைன்ல அதுகூட இருக்காது. அதனால மீட்டருக்கு முன்னாடியே கூரை வழியா வேற கேபிள் இழுத்துடுவாங்க.

நான் போன ஒரு வீட்டுல ஜன்னல் எல்லாத்தையும் பிளைவுட் போட்டு அடைச்சு, சுவத்துல எட்டு ஓட்டை போட்டு எக்சாஸ்ட் பேன் மாட்டியிருந்தாங்க. சீலிங் ஓரம் கருகி, மெயின் சுவிட்ச் பெட்டி உருகி ஒரு பக்கமா சாய்ஞ்சிருந்துச்சு. வாடகைக்கு எடுத்தவன் கொடுத்த அடையாள அட்டையே போலி. கரண்ட் கணக்கு வீட்டுக்காரம்மா பேர்ல இருந்ததால எல்லாரும் அவங்க வாசல்லதான் வந்து நின்னாங்க. 67 வயசு அவங்களுக்கு. அந்த முகத்தை நான் மறக்கல.

முருங்கைவீடு அக்கா, அவர் உங்ககிட்ட மீட்டரைப் பத்தி ஏதாவது கேட்டாரா?


முருங்கைவீடு எழுதியது:

தம்பி, படிச்சதும் கை நடுங்குது. ஆமாம், கேட்டார். "மீட்டர் வெளியே இருக்கா உள்ளே இருக்கா, பக்கத்து வீடு ஒட்டி இருக்கா"ன்னு கேட்டார். சாமான் வைக்கிறவருக்கு இது எதுக்குன்னு எனக்குத் தோணவே இல்லை. இன்னைக்கே முடியாதுன்னு சொல்லிட்டேன்.

அப்போ தொழிலாளர் தங்குறதுக்குக் கொடுக்கலாமா? 1,100 நல்ல தொகை.


செம்பனை எழுதியது:

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றேன். தொழிற்சாலையில தொழிலாளர் தங்கும் விடுதியைப் பார்த்துக்கிற வேலை எனக்கு.

1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், சுருக்கமா ஆக்ட் 446. முன்னாடி இது தோட்டம், சுரங்கத்துக்குத்தான் இருந்துச்சு. 2019-ல திருத்தி, 2020 ஜூன் 1-லிருந்து எல்லாத் துறை முதலாளிக்கும் ஆக்கிட்டாங்க. தொழிலாளரைத் தங்க வைக்கிற இடத்துக்கு முதலாளி தொழிலாளர் இலாகாவுல சான்றிதழ் எடுக்கணும். தூங்குற இடம் ஆளுக்குக் குறைஞ்சது 3.6 சதுர மீட்டர் வேணும். உங்க வீட்டு ரூம் பத்தடிக்குப் பத்தடி இருக்குமா? அப்போ 9.3 சதுர மீட்டர். ஒரு ரூமுக்கு ரெண்டு பேர், ரெண்டு ரூமுக்கு நாலு பேர். அவர் 14 பேர்ங்கிறார். நீங்களே முடிவு பண்ணுங்க.

இன்னொண்ணு, அவங்க பெர்மிட். இமிகிரேஷன் சட்டத்துல 55இ பிரிவு இருக்கு. பெர்மிட் இல்லாத ஆளைத் தன் பொறுப்புல இருக்கிற இடத்துல தங்க விட்டா, ஆள் ஒண்ணுக்கு 5,000-லிருந்து 30,000 வெள்ளி வரைக்கும் அபராதம், அல்லது 12 மாதம் வரைக்கும் சிறை, ரெண்டும் சேர்ந்தும் வரலாம். குத்தகையாளர் இன்னைக்கு 14 பேரோட பாஸ்போர்ட் நகல் கொடுப்பார். மூணு மாதத்துல ஆள் மாறும், உங்களுக்குத் தெரியாது.

ஒழுங்கான கம்பெனி, கம்பெனி பேர்லயே ஒப்பந்தம், சான்றிதழ் கையில, நாலு பேர் மட்டும்னா யோசிக்கலாம். அந்தத் தொழிலாளர்களும் நம்ம தாத்தா பாட்டி மாதிரி கப்பல்லயோ பிளேன்லயோ பிழைக்க வந்தவங்கதான். 14 பேரை ரெண்டு ரூம்ல அடைக்கிறதுக்கு நம்ம அம்மா வீட்டைக் கொடுக்கக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன்.


குத்தகைத்தாள் எழுதியது:

வணக்கம். நான் லாயர் அலுவலகத்தில் 18 வருடமாகக் கிளார்க்காக இருக்கிறேன். எல்லாரும் யாருக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒரு கேள்வி அதற்கும் முன்னால் இருக்கிறது.

முருங்கைவீடு சகோதரி, கிராண்ட் (நிலப் பட்டா) இப்போது யார் பெயரில் இருக்கிறது?


முருங்கைவீடு எழுதியது:

அம்மா பேர்லதான் அக்கா. உயில் எதுவும் எழுதல. கிராண்ட் தங்கச்சிகிட்ட இருக்கு.


குத்தகைத்தாள் எழுதியது:

அப்படியென்றால் இன்றைக்கு அந்த வீட்டை வாடகைக்கு விட்டுக் கையெழுத்துப் போட உங்கள் மூவரில் யாருக்கும் சட்டப்படி தகுதி இல்லை. பலர் போடுகிறார்கள், வாடகையும் வாங்குகிறார்கள். எல்லாம் நன்றாகப் போகும்வரை தெரியாது. வாடகை கொடுக்காமல் ஒருவர் உட்கார்ந்துவிட்டால், நீதிமன்றத்தில் முதல் கேள்வியே "நீங்கள் யார்?" என்பதுதான்.

பயப்பட வேண்டாம், வழி சுலபம். உயில் இல்லை, நிலச்சொத்து இருக்கிறது, மொத்த மதிப்பு 50 லட்சம் வெள்ளிக்கு உள்ளே. அது சிறு சொத்து எனப்படும், 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். உயர் நீதிமன்றம் போகத் தேவையில்லை. சொத்து இருக்கும் மாவட்டத்திலேயே விண்ணப்பம். உங்களுக்கு கோலகங்சார். போராங் ஏ என்ற படிவத்தை நிரப்பி, இறப்புச் சான்றிதழ், கிராண்ட் நகல், மூவரின் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். விசாரணைக்கு நாள் போடுவார்கள். மூவரும் நேரில் போவது நல்லது. முடிவில் பங்கீட்டு ஆணை கிடைக்கும், அதைப் போராங் இ என்பார்கள். அதை வைத்துக் கிராண்டில் பெயர் மாற்றலாம்.

அப்பாவும் இல்லை, பாட்டி தாத்தாவும் இல்லை என்றால், 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி மூன்று பிள்ளைகளுக்கும் சம பங்கு. பெண், ஆண் வேறுபாடு இல்லை. ஒருவர் பெயரிலேயே இருக்கட்டும் என்று மற்ற இருவரும் சம்மதித்தால் விசாரணையில் சொல்லலாம்.

சில மாதங்கள் ஆகும். அதுவரை கிராண்டின் பின்பக்கம் வரை படியுங்கள். மலிவு விலை வீடுகளில் "மாநில அரசின் அனுமதியின்றி மாற்றவோ குத்தகைக்கு விடவோ கூடாது" என்பது போல ஒரு தடை வாசகம் பெரும்பாலும் இருக்கும். எழுத்துக்கு எழுத்து பார்த்து, புரியாவிட்டால் நில அலுவலக முகப்பில் கேளுங்கள்.


பழைய கிராணி எழுதியது:

மகளே, நான் தோட்டத்தில் 34 வருடம் கிராணி வேலை பார்த்தவன். சம்பளப் புத்தகம் எழுதிய கை இது. வீட்டு விஷயத்தில் நம் ஜனம் எப்படி விழுந்தது என்று பார்த்தவன்.

தோட்டத்தில் லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு) வேலையோடு வரும், வேலையோடு போகும். ஐம்பதுகளின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் மூட்டையோடு சாலைக்கு வந்தன. அதைப் பார்த்துத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தோட்டத் தொழிலாளரிடம் பங்குப் பணம் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அவர் நம் சுங்கை சிப்புட்காரர். உங்கள் அம்மா ஈபிஎப் பணத்தை எடுத்துச் செங்கல் வீடு வாங்கியது சின்ன காரியம் இல்லை. எத்தனையோ பேர் அந்தப் பணத்தைக் கல்யாணத்திலும் காடி (கார்) வாங்குவதிலும் கரைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகையால் இரண்டு காரியம் உடனே செய்யுங்கள். நில வரி ஒவ்வொரு வருடமும் மே 31-க்குள் கட்டியாக வேண்டும். கட்டாமல் விட்டால் பாக்கி ஆகும், நிலத்தையே அரசு எடுத்துக்கொள்ளும் வரைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வீட்டு வரி வருடத்துக்கு இரு முறை. இரண்டு ரசீதும் அம்மா பெயரில் வருவதால் பூட்டிய வீட்டு வாசலிலேயே நனைந்து கிடக்கும். யார் கட்டுவது என்று மூவரும் பேசி முடிவெடுங்கள்.

இரண்டாவது, பணம் பேசும் முன் அண்ணன் தங்கையோடு உட்கார்ந்து பேசுங்கள். கரையான் வேலைக்கு யார் போட்டார்கள், ஜிங்கு மாற்ற யார் போட்டார்கள், வாடகையில் அது முதலில் கழியுமா என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி மூவரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டால் பிரிந்த உடன்பிறப்புகள் ஒருவரை ஒருவர் சாவு வீட்டில்கூடப் பார்க்காமல் போனதை நான் கண்ணால் கண்டேன்.


புதியவன் 77 எழுதியது:

பறவைக்கூடு (கூட்டை விற்கக் குருவி வளர்ப்பது) போடலாமே? ஆள் பிரச்சினையே இல்லை.


செம்பனை எழுதியது:

குடியிருப்பு வீடு தம்பி, தாமான் நடுவுல. சத்தமும் எச்சமும் பக்கத்து வீட்டுக்குப் போகும், நகராண்மைக் கழகம் விடாது. குருவி வருமான்னு தெரிய வருஷக்கணக்காகும், செலவும் பல ஆயிரம். இந்த வீட்டுக்கு ஒத்து வராது.


பீடோர்க்காரன் எழுதியது:

நான் பண்ணின தப்பைச் சொல்றேன், யாரும் பண்ணிடாதீங்க.

என் வீட்டை ஒரு குடும்பத்துக்கு மாதம் 480-க்கு விட்டேன். ஒப்பந்தம் எழுதல, வாய்ப்பேச்சுதான். முதல் வருஷம் தங்கமா கொடுத்தாங்க. பிறகு ரெண்டு மாதம் நின்னுச்சு, மூணாச்சு, அஞ்சாச்சு. போன் எடுக்கல. ஒரு நாள் அவங்க வேலைக்குப் போன நேரம் பார்த்து, கேட்டுல புதுப் பூட்டு போட்டேன். சாயங்காலம் பள்ளிக்கூடச் சட்டையோட ரெண்டு பிள்ளைகள் வாசல்ல நின்னு என்னைப் பார்த்துச்சு. அந்த நேரத்துல எனக்கு என்ன புத்தியோ, பூட்டைத் திறக்கல.

ராத்திரியே போலீஸ் ரிப்போர்ட். ஒரு வாரத்துல அவங்க லாயர் கடுதாசி. கடைசியில பாக்கி 2,400 வெள்ளியையும் விட்டுக் கொடுத்து, மேல 1,000 வெள்ளியும் கொடுத்து அனுப்பினேன். காசு போனதுகூடப் பரவாயில்ல, பிள்ளைகளை வெளியே நிறுத்தினது இன்னும் உறுத்துது.

எனக்கு உரிமை இருந்துச்சா இல்லையா, சட்டம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


குத்தகைத்தாள் எழுதியது:

அண்ணே, மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 1950-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு: குத்தகை முடிந்த பிறகும் ஆள் உள்ளே இருந்தால், நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் வீட்டைத் திரும்ப எடுக்க முடியாது. பூட்டை மாற்றுவது, சாமானை வெளியே வைப்பது எல்லாம் இதில் விழும். கரண்ட், தண்ணீரை நிறுத்துவதையும் செய்யாதீர்கள்.

வீட்டுக்காரருக்கும் வழி இருக்கிறது. 1951-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, கடைசி 12 மாதம் வரையிலான வாடகைப் பாக்கிக்கு, நீதிமன்ற ஆள் வந்து குடியிருப்பவரின் சாமான்களைக் கைப்பற்றி ஏலம் விட ஆணை வாங்கலாம். ஒப்பந்தம் முடிந்து, வெளியேறும்படி சொல்லியும் போகாமல் இருந்தால், இருக்கும் நாளுக்கு இரட்டை வாடகை கேட்கவும் 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டம் இடம் தருகிறது. இதற்கெல்லாம் கையில் தாள் வேண்டும், அந்தத் தாளில் முத்திரை வரி கட்டியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சாட்சியாக ஏற்காது.

முத்திரை வரி என்றதும் பலர் மிரளுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். மாத வாடகை 500 என்றால் வருடத்துக்கு 6,000. அதை 250-ஆல் வகுத்தால் 24. ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒவ்வொரு 250-க்கும் 1 வெள்ளி, ஆக 24 வெள்ளி. ஒரு வருடத்துக்கு மேல் மூன்று வருடம் வரை என்றால் 3 வெள்ளி வீதம், 72 வெள்ளி. இரண்டாம் நகலுக்கு 10 வெள்ளி. முன்பு முதல் 2,400 வெள்ளிக்கு விலக்கு இருந்தது, 2025 ஜனவரியிலிருந்து அது இல்லை. கையெழுத்துப் போட்டு 30 நாளைக்குள் கட்ட வேண்டும், தாமதித்தால் அபராதம். ஒரு பெட்டி மீனுக்குக் கொடுக்கும் காசைப் பார்த்து அம்மா வீட்டைத் திறந்து போடாதீர்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் எழுத வேண்டாம். அதற்கு மேல் போனால் நிலச் சட்டப்படி அது பதிவு செய்ய வேண்டிய குத்தகை ஆகிவிடும்.


மாடிவீட்டு அக்கா எழுதியது:

ஆள் பார்க்கிறது எப்படின்னு நான் சொல்றேன் தங்கச்சி, தாள் வேலையைக் குத்தகைத்தாள் சொல்லிட்டாங்க.

வர்றவங்களை உங்க வீட்டுக்கு மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. அவங்க இப்ப இருக்கிற வீட்டுக்கு நீங்க போங்க. "பாரம் கையெழுத்து வாங்கணும், வரட்டுமா"ன்னு கேட்டுட்டுப் போங்க. நான் அடுப்படியையும் பின்பக்கச் சாக்கடையையும் பார்ப்பேன். ஏழை வீடா பணக்கார வீடாங்கிறது கணக்கில்லை, சாக்கடை ஓடுதா நிக்குதான்னு பார்ப்பேன். சாக்கடையைப் பார்த்துக்கிற கை வீட்டையும் பார்த்துக்கும். 19 வருஷத்துல ஒரு தடவைதான் இது தப்பாச்சு.

சம்பளச் சீட்டு மூணு மாதத்துக்குக் கேளுங்க. குறைஞ்சபட்சச் சம்பளம் இப்ப 1,700. ஒரே சம்பளத்துல ஓடுற குடும்பம் 550-க்கு மேல வாடகை கட்டினா, பள்ளிக்கூடம் திறக்கிற ஜனவரியோ தீபாவளியோ வந்தா முதல்ல வாடகைதான் நிக்கும். அவங்களால தூக்க முடிஞ்ச வாடகையைக் கேட்டா மாதாமாதம் வரும். நான் எப்பவும் ஊர் விலையை விட 50 வெள்ளி குறைச்சுத்தான் விடுவேன். ஒரு மாதம் வீடு காலியா கிடந்தா போற 550-ஐ, மாதம் 50 வீதம் பிடிக்க 11 மாதம் ஆகும். நல்ல ஆள் நாலு வருஷம் இருந்தா அதுதான் லாபம்.

டிபாசிட் வழக்கம் ரெண்டு மாதம், முன்வாடகை ஒரு மாதம், கரண்ட் தண்ணிக்கு அரை மாதம். வாடகை வங்கிக் கணக்குலதான் வரணும். கையில வாங்கினா ரசீது கொடுத்துடுங்க, அது உங்களுக்கும் சாட்சி.


ஈப்போ வயர்மேன் எழுதியது:

சாவி கொடுக்குறதுக்கு முன்னாடி கரண்ட் கணக்கை வாடகைக்கு வர்றவர் பேருக்கு மாத்திடுங்க அக்கா. தெனாகாவுல (மின்சாரக் கம்பெனி) அவர் டிபாசிட் கட்டுவார், பில் அவருக்குப் போகும். "அப்புறம் மாத்திக்கிறேன்"னு சொன்னா சாவியும் அப்புறம்னு சொல்லிடுங்க. மூணு மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டு வந்து பார்ப்பேன்னு ஒப்பந்தத்துல ஒரு வரி எழுதுங்க. நல்லவங்க அதுக்கு மறுப்பு சொல்ல மாட்டாங்க.

பழைய வீட்டுல டிரிப் ஆகுற பெட்டி சரியா வேலை செய்யுதான்னு ஒரு லைசென்ஸ் உள்ள வயர்மேனை வச்சுப் பாருங்க. தண்ணி இறங்கின பக்கம்னு சொன்னீங்க, அங்க வயர் போகுதுன்னா கட்டாயம் மாத்தணும்.


கணக்குப்பிள்ளை மகன் எழுதியது:

வாடகையும் வருமானம்தான். வருமான வரி பாரத்துல காட்டணும். மூணு பேர் பேர்ல கிராண்ட் வந்தா ஆளுக்கு மூணுல ஒரு பங்கு காட்டணும். நில வரி, வீட்டு வரி, தீ காப்புறுதி, குடி இருக்கும்போது செய்யுற ரிப்பேர் எல்லாம் கழிக்கலாம். முதல் ஆள் வர்றதுக்கு முன்னாடி செய்யுற கரையான் வேலையும் ஜிங்கு வேலையும் கழிக்க முடியாது, அதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ரசீது எதையும் தூக்கிப் போடாதீங்க.

தீ காப்புறுதி பாலிசியில "வீடு ஆளில்லாமல் இருந்தால்"ங்கிற வரியைத் தேடிப் படிங்க. எத்தனை நாள்னு போட்டிருக்கும். அதுக்கு மேல காலியா இருந்தா கம்பெனிக்குச் சொல்லணும்.


முருங்கைவீடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மூணு பேரும் போன்ல ரெண்டு மணி நேரம் பேசினோம். அம்மா போனதுக்கு அப்புறம் நாங்க இவ்வளவு நேரம் பேசினதே இல்லை. அண்ணன் கரையானுக்குப் போடுறார், நான் ஜிங்குக்கும் வயருக்கும், தங்கச்சி நில அலுவலகம் போறா. கிராணி ஐயா சொன்ன நோட்டுப் புத்தகம் வாங்கியாச்சு. அந்த ஜோடிகிட்ட உண்மையைச் சொன்னேன், பேர் மாறாம கையெழுத்துப் போட முடியாதுன்னு. அவங்களால காத்திருக்க முடியல, வேற வீடு பார்த்துட்டாங்க. பரவாயில்லை. தங்கச்சி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்து ஜன்னல் திறந்து வைக்கிறா.


முருங்கைவீடு எழுதியது, எட்டு மாதம் கழித்து:

மறந்திருப்பீங்க. நடந்ததைச் சொல்லணும்னு வந்தேன்.

கோலகங்சார்ல விசாரணைக்கு மூணு பேரும் போனோம். அதிகாரி பேரைக் கூப்பிட்டதும் அண்ணன் எழுந்து நின்னு அழுதுட்டார். ஆணை வந்துச்சு, கிராண்ட்ல மூணு பேர் பேரும் ஏறிடுச்சு. தடை வாசகம் ஒண்ணு இருந்துச்சு, விற்கிறதுக்குத்தான், மூணு வருஷத்துக்கு உட்பட்ட வாடகையை அது தடுக்காதுன்னு முகப்புல விளக்கினாங்க.

வீடு கொடுத்தாச்சு. லிந்தாங் பக்கத் தோட்டத்துல இருந்து ஒரு குடும்பம். அப்பாவுக்கு 60 வயசு, வேலை முடிஞ்சு லயத்து வீட்டைக் காலி பண்ணணும். அம்மா, மகன், மருமகள். மகனுக்கு ஈப்போ பக்கம் தொழிற்சாலை வேலை, சம்பளச் சீட்டு காட்டினார். மாடிவீட்டு அக்கா சொன்ன மாதிரி லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். பின்னாடி சாக்கடையில வாழைச் சருகுகூட இல்லை. அந்த அம்மா என்னை உட்கார வச்சு வரக்கோப்பி கொடுத்தாங்க.

550-க்குக் கேட்கலாம்னு தங்கச்சி சொன்னா. 500-க்கு முடிச்சோம், ரெண்டு வருஷம். முத்திரை 72, நகல் 10. மொத்த டிபாசிட்டும் முன்வாடகையும் 1,750 வந்துச்சு. ஒரே தடவையில கட்டச் சொல்ல எனக்கு மனசு வரல. 1,000 சாவி வாங்கும்போது, மீதி மூணு மாதத்துலன்னு ஒப்பந்தத்துலயே எழுதிட்டோம். இது ஜாக்கிரதையான ஆள் செய்யுறதான்னு தெரியாது, ஆனா எழுதியாச்சு, ரெண்டாவது தவணையும் நேத்து வந்துடுச்சு.

கரண்ட் கணக்கு மகன் பேர்ல மாறின சீட்டைப் பார்த்துட்டுத்தான் சாவி கொடுத்தேன், தம்பி. மீட்டர் எண்ணைப் படம் எடுத்து ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒவ்வொரு ரூமையும், கதவு நிலையையும், ஜிங்கையும் படம் எடுத்து ஒரு பிரதி அவங்களுக்கும் கொடுத்தோம்.

அம்மாவோட கத்தியை நான் எடுத்துட்டு வந்துட்டேன். அந்தப் பெரியவர் அதை ஆணியில பார்த்துட்டு, "நல்ல கத்திம்மா, பிடி தேய்ஞ்சிருக்கிறதைப் பார்த்தா இடது கைக்காரங்க"ன்னார். அம்மா இடது கைதான்.


பழைய கிராணி எழுதியது:

மகளே, மனம் நிறைந்தது. வாசலில் முருங்கை மரம் இருப்பதால்தானே இந்தப் பெயர் வைத்துக்கொண்டீர்கள்? அதைப் பற்றி ஒப்பந்தத்தில் எழுதினீர்களா?


முருங்கைவீடு எழுதியது:

எழுதியிருக்கு ஐயா, 14-ஆவது வரி. கீரையும் காயும் அவங்க பறிச்சுக்கலாம், கிளையைக் கழிக்கலாம், அடிமரத்தை மட்டும் வெட்டக் கூடாது. போன வாரம் அந்த அம்மா ஒரு கட்டு கீரையைத் தங்கச்சிகிட்ட கொடுத்து அனுப்பினாங்க.